மிஸ்டர் யெங்கா, மிஸஸ் இந்தபுல்லா

அன்றைக்கு அந்த மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஹெலன் அம்மா, என் அறைத்தோழர் சாகுல் பாய், நான். இருந்திருக்க வேண்டிய இன்னும் மூன்று பேர் இல்லை. ஒருவர் ஹெலன் அம்மாவின் அப்பா, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். மற்ற இருவர் ஒரு தமிழ்க் கணவனும் மனைவியும். ஜப்பான்காரன் பிடியில் இருந்த மலாயாவில், விழுந்த விமானத்திலிருந்து தவழ்ந்து வந்த அந்த வெள்ளைக்காரரைத் தங்கள் ஆட்டுக் கொட்டகையில் பதினொரு நாள் ஒளித்துவைத்தவர்கள்.

இடம், துபாயில் கராமா, ஒரு சைவ உணவகத்தின் மாடி. சனிக்கிழமை பிற்பகல். சாப்பாட்டுக் கூட்டம் வடிந்து, காபிக் கூட்டம் இன்னும் ஏறாத நேரம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்திருந்தார்கள். அது நிரம்ப நிரம்ப சத்தம் மாறிக்கொண்டே வந்தது.

ஹெலன் அம்மா மேசையில் சாம்பார் ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகுதான் துணிப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து வைத்தார்.

"சொல்லுங்கள் செல்வம். போனில் சொல்ல முடியாது என்றீர்களே."

அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். இரண்டு வாரமாகச் சொல்லாமல் தள்ளிப்போட்டு வந்தேன். சொல்லிவிட்டால், அவர் இருபது வருஷமாகப் பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்த நிமிஷமே காணாமல் போய்விடுவார்கள்.

சம்பளம் கிடையாது, டீ நிச்சயம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு எங்கள் அல் குசைஸ் அறை தெரியும். ஆறு கட்டில், ஒரு ஜன்னல், எண்ண முடியாத மூட்டைப்பூச்சி. பூச்சிக்குப் பயந்து வேறு இடம் தேடிக்கொண்டிருந்த நாட்களில், கராமாவில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் இருந்த அறிவிப்புப் பலகை முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தேன்.

'பெட்ஸ்பேஸ் (ஒரு கட்டில் வாடகைக்கு), தமிழர்களுக்கு மட்டும்.' 'பெட்ஸ்பேஸ், ஜன்னல் பக்கம், சமையல் கூடாது.' 'பழைய ஃபிரிட்ஜ் விற்பனைக்கு, கூலிங் சுமார்.' இத்தனைக்கும் நடுவில் நீல மையில், பள்ளிக்கூட டீச்சர் எழுத்து மாதிரி அழகாக ஒரு சீட்டு. தமிழ் தெரிந்த ஒருவர் தேவை, போர்க்காலத்துப் பழைய அறிக்கை ஒன்றில் சில விஷயங்கள் புரியவில்லை, சம்பளம் கிடையாது, டீ நிச்சயம் உண்டு.

அதைப் போட்டோ எடுத்து அறையில் காட்டினேன்.

"சம்பளம் இல்லாம டீக்கு மட்டும் ஆள் எடுக்குறது துபாய்லயே இதான்டா மொத தடவ" என்றான் மேல்கட்டில்காரன்.

கராமாவில் ஒரு வாசனைத் திரவியக் கடையில் நிற்கும் சாகுல் பாய் அதை வாங்கிப் படித்தார். ராமநாதபுரம் கடற்கரைக்காரர். ஐம்பத்தெட்டு வயது. வளைகுடாவுக்கு வந்து முப்பது வருஷம். "சம்பளம் இல்லேன்னு மொதல்லயே சொல்ற ஆளு நல்ல ஆளாத்தான் இருக்கும் தம்பி. போயிட்டு வா" என்றார்.

போனேன். ஹெலன் அம்மா எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற நர்ஸ். மகளுக்கு இங்கே வேலை, அதனால் குளிர்கால மாதங்களில் மகள் வீட்டோடு இருப்பார். டீ நிஜமாகவே வந்தது, பிஸ்கட்டோடு. அவர் அப்பா உயிரோடு ஊர் திரும்பியதும் மேலதிகாரிகளுக்குக் கொடுத்த அறிக்கையின் நகலை, தட்டச்சு செய்த இரண்டு பக்கங்களை, என்னிடம் தந்தார்.

"அவசரமில்லை. வீட்டில் வைத்துப் படியுங்கள். இதில் இருக்கும் இரண்டு பெயர்கள் தமிழ்ப் பெயர்கள்தானா என்று மட்டும் தெரிய வேண்டும்."

அவசரமில்லை என்று மரியாதைக்குச் சொன்னார். அவசரம் இருந்தது. அந்தத் தமிழ்த் தம்பதி வேலை செய்த ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய்ப் பனைக் காடாகிவிட்டது. தோட்டத்துச் சின்னக் கோவில் மட்டும் மிச்சம். கோவில்காரர்கள் வாசலோரம் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் நட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் ஹெலன் அம்மா அங்கே போகிறார். கல் தயார். வெட்ட வேண்டிய பெயர்களுக்காகத்தான் கல்தச்சர் காத்திருந்தார்.

பஸ்ஸில் சிரித்தது

எனக்கு ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் வேலை. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் பெயரும் காகிதத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது என் டூட்டி. ஒரு எழுத்து மாறினாலும் சரக்கு நகராது. ஆகவே பெயர் என்றால் நான் கொஞ்சம் நிதானமாகத்தான் படிப்பேன்.

கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது அறிக்கையைப் பிரித்தேன். எளிமையான ஆங்கிலம். விமானம் காட்டில் விழுகிறது. கூட வந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. கணுக்கால் பிசகிய இவர் தவழ்ந்தே தோட்டத்து ஓரத்துக்கு வருகிறார். ஆட்டுக்குப் புல் அறுக்க வந்த ஒரு பெண் பார்த்துவிடுகிறாள். கத்தவில்லை. அறுத்த புல்லை அவர் மேல் போட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறாள். இருட்டுகிற நேரத்தில் கணவனோடு வந்து தூக்கிப் போகிறாள்.

கால் நட்டு உயர்த்திக் கட்டிய ஆட்டுக் கொட்டகை. அதன் கூரைக்கடியில் பலகைப் பரண். கீழே ஆறு ஆடு, மேலே ஒரு வெள்ளைக்காரர். தினமும் விடிவதற்குள், ரப்பர் மரம் சீவப் போகிற வழியில் கணவன் தண்ணீர் வைத்துவிட்டுப் போவான். மத்தியானம் அவள் மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருவாள். அந்தக் கிழங்குதான் அப்போது அவர்களுக்கும் சாப்பாடு. மூன்று பேர் பங்கில் பெரிய துண்டு தனக்கு வந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். பரண் இடுக்கு வழியே அவருக்கு எல்லாத் தட்டும் தெரிந்திருக்கிறது.

அப்புறம் பெயர்கள். 'இவர்கள் ஒருவரையொருவர் அழைப்பதிலிருந்து பெயர்களை அறிந்துகொண்டேன். கணவர் பெயர் யெங்கா. மனைவி பெயர் இந்தபுல்லா.'

யெங்கா. இந்தபுல்லா. எந்த ஊர்ப் பெயர் இது? வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது முறை சொன்னபோது எங்கள் வீட்டுச் சமையற்கட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

'ஏங்க.'

தொழுவத்திலிருந்து அப்பா.

'இந்தா புள்ள!'

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டு பெஷாவர்க்காரர் பதறிப்போய், "க்யா ஹுவா பாய்?" என்றார். எந்த மொழியில் அவருக்கு விளக்குவது? குச் நஹி, ஒன்றுமில்லை என்றேன்.

அல் குசைஸ் வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது. ஹெலன் அம்மா என்னிடம் ஒரு ஃபைல் காட்டியிருந்தார். யெங்கா என்பது மலைவாசிகளின் குலப் பெயராக இருக்கலாம் என்று ஒரு ஆராய்ச்சியாளர் எழுதிய கடிதம். ஆப்பிரிக்கப் படைப்பிரிவுச் சிப்பாயாக இருக்கலாம் என்று இன்னொருவர். ஹெலன் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த இரண்டு பெயரையும் சொல்லி ஜெபம் செய்வாராம். இருபது வருஷமாக.

முருகனுக்கு மூத்தவர்

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேர்க்கும் நாளில் அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மாதான் கூட்டிப் போனது. வாத்தியார் என் பெயரை எழுதிக்கொண்டு, "அப்பா பேரு?" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டது. புருஷன் பெயரை எப்படிச் சொல்லும்?

"சொல்லும்மா. பின்னாடி வரிசை நிக்கிது."

"முருகனுக்கு மூத்தவரு பேரு சார்."

வாத்தியார் விநாயகம் என்று எழுதினார். அப்பா பெயர் கணேசன்.

அன்றிலிருந்து நான் வி. செல்வம். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் அதுதான், கல்லூரியிலும் அதுதான். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது அப்பா காகிதத்துக்கும் என் காகிதத்துக்கும் ஒத்துப்போகவில்லை. என் சான்றிதழை எல்லாம் மாற்ற வேண்டுமென்றால் வருஷக்கணக்காகும் என்றார்கள். அப்பா தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்து, ஐம்பது வயதுக்கு மேல், தன் பெயரை விநாயகம் என்று மாற்றிக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே சாமிதானடா. நீ ஊருக்குக் கிளம்பு" என்றார், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு பெயர் காகிதத்துக்கு வருவதற்குள் என்னவெல்லாம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஹெலன் அம்மாவிடம் சொல்லத் தயங்கினேன். தனியாகச் சொல்லவும் தைரியமில்லை. கராமாவில்தானே கடை, கொஞ்ச நேரம் வந்து உட்காருங்கள் பாய் என்று சாகுல் பாயையும் இழுத்து வந்திருந்தேன்.

மேசையில் மூன்று காகிதம்

சொல்லிவிட்டேன். யெங்கா என்பது பெயரில்லை, மேடம். மனைவி கணவனைக் கூப்பிடும் சத்தம். இந்தபுல்லா என்றால் 'இதோ பாரம்மா' என்பது மாதிரி. எங்கள் பக்கம் புருஷன் பொண்டாட்டி பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

 டம்ளரில் நாலைந்து சொட்டு விழுந்தது.

சாகுல் பாய்க்கு ஆங்கிலம் கடைக்கு வேண்டிய அளவுதான் வரும். ஹெலன் அம்மாவைத் தேற்ற நினைத்து, தமிழிலேயே, "மேடம், என் வீட்ல வந்து ஒளிஞ்சிருந்தா மிஸ்டர் மச்சான்னு எழுதிருப்பாரு. என் ஒய்ஃப் அப்படித்தான் கூப்பிடும்" என்றார்.

ஹெலன் அம்மாவுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்:

"அப்படியென்றால் கல்லில் வெட்ட என்னிடம் பெயரே இல்லை."

"இல்லை மேடம். மன்னிச்சிருங்க."

"என் தம்பிக்குச் சந்தோஷமாக இருக்கும். பெயரெல்லாம் எதற்கு, 'உதவிய உள்ளூர் மக்களுக்கு' என்று போட்டால் போதாதா என்று ஆரம்பத்திலிருந்தே சொல்கிறான். அவர்கள் கேட்டார்கள், அப்பா கொடுத்தார், கணக்கு முடிந்தது என்பான்."

"என்ன கேட்டாங்க?"

"கடிகாரம்."

அறிக்கையின் கடைசிப் பத்தி அது. நான் படித்திருந்தேன், ஆனால் பெயர்களின் மேலேயே கண்ணாக இருந்ததால் மனதில் தங்கவில்லை. பதினொன்றாம் நாள் மாலை, காட்டுக்குள் இருந்த எதிர்ப்புப் படையினர் அவரை அழைத்துப் போக வருகிறார்கள். கணவன் முன்னால் வழி பார்க்கப் போயிருக்கிறான். கிளம்புமுன், பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ள அவளிடம் சைகையால் கேட்கிறார்: உன் புருஷன் பெயர் என்ன? யெங்கா? அவள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பிறகு இடது கையை அவர் முன்னால் நீட்டுகிறாள். மறு கையால் அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறாள். கைக்கடிகாரம் வேண்டுமென்கிறாள் என்று புரிந்துகொண்டு அவர் அதைக் கழற்றித் தருகிறார். அவள் வாங்க மறுக்கிறாள். உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போகிறார்.

"அப்பா அதைத் தப்பாகச் சொன்னதேயில்லை" என்றார் ஹெலன் அம்மா. "ஏழைகள், கேட்டால் என்ன என்பார். ஆனால் பின்னால் நடந்தது அவருக்குத் தெரியாது. இந்தக் காகிதம் அவர் இறந்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது."

இரண்டாவது காகிதத்தை நகர்த்தினார். போர் முடிந்ததும், உதவியவர்களைக் கண்டுபிடித்து ஏதாவது கொடுப்பதற்காக அந்தத் தோட்டத்துக்குப் போன ஓர் அதிகாரி எழுதியது. ஒரே பக்கம். யெங்கா என்ற பெயரில் அங்கே யாரும் இல்லை. ஆனால், ஆட்டுக் கொட்டகைக் கூரைக்குள் துணியில் சுற்றிய விமானப்படைக் கைக்கடிகாரம் கிடைத்ததால், ஒரு தோட்டத் தொழிலாளியை ஜப்பான் சிப்பாய்கள் பிடித்துப் போயிருக்கிறார்கள். ஆடுகளை ஓட்டிப் போயிருக்கிறார்கள். கொட்டகைக்குத் தீ வைத்திருக்கிறார்கள். ஆள் திரும்பவில்லை.

"அவள் ஒரு கடிகாரத்துக்கு ஆசைப்பட்டாள், அதனால் புருஷன் போனான். இப்படித்தான் என் தம்பி சொல்கிறான். நான் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் நினைக்காமல் இருந்ததில்லை, செல்வம்."

சாகுல் பாய்க்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"ஆசைப்பட்டிருந்தா வித்திருப்பாங்கள்ல தம்பி" என்றார் சாகுல் பாய் தமிழில். "அரிசி கிடைக்காத காலம்ங்கிற. வித்துத் தின்னுருக்கலாம். எதுக்குத் துணியில சுத்திச் சொருகி வைக்கணும்?"

எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவர்

மூன்றாவதாக இருந்தது ஒரு நோட்டு. உள்ளங்கை அகலம். பரணில் பொழுது போகாமல் ஹெலன் அம்மாவின் அப்பா பென்சிலால் வரைந்தவை. அன்றுதான் அதை வெளியே எடுத்தார். பலகை இடுக்கு வழியே தெரிந்த ஆட்டின் முதுகு. தகரக் குவளை. கூரையில் ஒரு சிலந்தி. நாலாவது பக்கத்தில் ஒரு கை. குவளையை நீட்டுகிற ஒரு பெண்ணின் முன்கை. அதில் வளைவு வளைவாக ஏதோ பூவேலை. கீழே ஆங்கிலத்தில், 'கையில் பச்சை அலங்காரம்'.

நானும் ஹெலன் அம்மாவும் ஒரு பக்கமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொடி மாதிரி இருந்தது. எறும்பு வரிசை மாதிரியும் இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த சாகுல் பாய் காபியை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"யாரு தம்பி இந்த அண்ணாமலை?"

"எந்த அண்ணாமலை?"

"இந்தா, கையில எழுதிருக்குல்ல. அண்ணாமலை."

அவருக்குத் தெரிந்தபடி எனக்கும் தெரிய, நோட்டைச் சட்டென்று திருப்பினேன். ஹெலன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காகிதம் கிழிந்துவிடும் என்றா, வேறு எதற்கா, தெரியவில்லை.

தலைகீழாகத் திருப்பிய பிறகும் எனக்கு 'அ' மட்டும்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் சுழி.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ புது எழுத்துல படிச்சவன்" என்றார் சாகுல் பாய். "நான் அஞ்சாவதுதான். ஆனா பழைய எழுத்துல. இந்தச் சுழிதான் எங்க காலத்து 'ணா'. இது தும்பிக்கை வச்ச 'லை'. பச்ச குத்துனவ அந்தப் பொண்ணு பாக்குற மாதிரி குத்திருக்கா. எதிர்ல இருந்து பாத்தா தலகீழாத்தான் தெரியும். வெள்ளக்காரரு பாத்தபடியே வரைஞ்சிருக்காரு. ஒரு சுழி தப்பல, பாரேன்."

எம்.காம். படித்தவன் நான். பூவேலை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிமிஷமே ஊருக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தது. ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேம்மா. பொம்பளைங்க கையில புருஷன் பேரைப் பச்ச குத்துவாங்களா?"

"குத்துவாகளே. எங்க பெரியாத்தா கையில இருந்துச்சு. பேரைத்தான் வாயால சொல்லக் கூடாது, கையில இருந்தா என்ன? ரேசனுக்கு எழுத வந்தாலும் சரி, ஓட்டுக்கு எழுத வந்தாலும் சரி, புருஷன் பேரு என்னன்னு கேட்டா அது பாட்டுக்குக் கையை நீட்டிரும். வந்தவுக படிச்சுக்கிருவாக."

"அம்மா, ஒருத்தரு அதைப் பாத்துட்டு, காசு பொருள் கேக்குதுன்னு நெனச்சுட்டாரு."

"கிறுக்கா அவருக்கு? கையை நீட்டுனா குடுன்னுதான் அர்த்தமா? பாருன்னு அர்த்தம்டா."

"சரிம்மா. நீ ஒரு தடவ அப்பா பேரைச் சொல்லேன்."

"போடா அங்கிட்டு" என்று வைத்துவிட்டது.

ஹெலன் அம்மாவிடம் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் உங்கள் அப்பா கேட்டது கணவன் பெயர். அவள் கை நீட்டியது அதற்குப் பதில். அவள் எதையும் கேட்கவில்லை, மேடம். சொன்னாள்.

அதே பக்கம், மறுபடியும்

 ஹெலன் அம்மா அதிகாரியின் காகிதத்தை மறுபடி எடுத்துக் கடைசி வரிகளை மெல்ல வாய்விட்டுப் படித்தார். தமிழே தெரியாத ஒரு மலாய் போலீஸ்காரர் மூலமாக நடந்த விசாரணை அது.

'அந்தத் தொழிலாளியின் மனைவியிடம் கணவன் பெயரைச் சொல்லும்படி கேட்கப்பட்டது. அவள் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினாள். பெயர் இல்லாமல் எதுவும் தர இயலாது என்று அவளுக்கு எடுத்துச் சொல்லப்பட்டது.'

இரண்டாவது முறையும் சொல்லியிருக்கிறாள்.

சாகுல் பாய்க்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள் என்ற இடம் அவருக்கே புரிந்துவிட்டது. "யா அல்லா" என்று காபி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"அந்தக் கடிகாரத்தை அவள் கையில் வைத்தது என் அப்பா" என்றார் ஹெலன் அம்மா. "நன்றி என்று நினைத்து வைத்தார். விலை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு செத்தார். தம்பிக்கு இன்றைக்கே எழுதுகிறேன்."

அவர் அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. நர்ஸாக இருந்தவர். நோட்டில் அந்தக் கை இருந்த பக்கத்தை, இப்போது சரியான பக்கமாகத் திருப்பி வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, "எப்படிச் சொல்வது?" என்றார்.

"அண்-ணா-ம-லை."

"அனாமலே."

"ஓகே மேடம், குட்" என்றார் சாகுல் பாய்.

கல்தச்சருக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பெண் காட்டிய எழுத்திலேயே வெட்ட வேண்டும் என்றார் ஹெலன் அம்மா. எனக்குப் பழைய எழுத்து வராது. சாகுல் பாய் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத்தாளில், ஐந்தாம் வகுப்புக் காப்பி நோட்டு மாதிரி பெரிது பெரிதாக எழுதினார். மூன்று தாள் வீணானது. நாலாவது தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதான்" என்றார்.

மனைவியின் பெயர்? அது எந்தக் காகிதத்திலும் இல்லை. அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஹெலன் அம்மாவின் அப்பாவும் அந்த அதிகாரியும் அவள் பெயரைக் கேட்டதுமில்லை. 'அவர் மனைவியும்' என்று போடலாம் என்று நான் யோசனை சொன்னேன். ஹெலன் அம்மா தலையசைத்து மறுத்தார்.

"அவர் அவளைக் கூப்பிட்டதை என் அப்பா பதினொரு நாள் கேட்டிருக்கிறார். இருபது வருஷம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஜெபித்தேன். அதை விடமாட்டேன்."

ஆகவே அதையும் சாகுல் பாய் எழுதினார். இந்தாபுள்ள.

கல்லின் படம்

மாதக் கடைசியில் என் போனுக்குப் படம் வந்தது. டூட்டியில் இருந்தேன். இரண்டு கன்டெய்னருக்கு நடுவில், நிழலில் நின்று பார்த்தேன். செம்மண்ணில் முழங்கால் உயரக் கல். மேலே அண்ணாமலை, சுழித்த ணா, தும்பிக்கை லை. கீழே இந்தாபுள்ள. யாரோ இரண்டு பெயருக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். கோவில்காரர் ஒருவர் இரண்டாவது பெயரைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். காரணத்தைக் கேட்டதும் போய்ச் சூடம் எடுத்து வந்தாராம்.

தம்பியும் வந்திருந்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தார் ஹெலன் அம்மா. வேறொன்றும் எழுதவில்லை.

வளைகுடாவில் எனக்கு எத்தனையோ பேர் உதவியிருக்கிறார்கள். பெயர் தெரியாதவர்களே அதிகம். முதல் நாள் விமான நிலையத்தில் போன் கொடுத்தவர், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்த பக்கத்து அறைக்காரர். பாய், பையா, அண்ணே என்று கூப்பிட்டதோடு சரி. அந்தப் படம் வந்த நாளிலிருந்து உதவுகிறவர்களிடம் பெயரைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துக்கூட்டியும் கேட்கிறேன். கிடங்கில் சிரிக்கிறார்கள். பரவாயில்லை.

சாகுல் பாய் எழுதிய தாள் என் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறது. அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் யார் அண்ணாமலை, உங்க அப்பாவா என்று கேட்கிறார்கள். இல்லை, எங்க அப்பா கணேசன் என்கிறேன். அப்புறம் விநாயகம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த வரையில், ஒரு மனிதரைப் பதினொரு நாள் காப்பாற்றியதற்கு அந்த வீடு கொடுத்தது இவ்வளவு. தினமும் மரவள்ளிக் கிழங்கின் பெரிய துண்டு. ஆறு ஆடு. ஒரு கொட்டகை. ஓர் அண்ணாமலை.